செம்புத் தண்ணீர்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் திரில்லர் தொடரின் முதல் எபிசோடை ராஜபாளையத்தில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாள் போட்டுக் காட்டிய பிறகு நீ மனம் விட்டுப்போயிருப்பது வரிக்கு வரி தெரிகிறது. "நாயைப் பத்தியும் தண்ணியைப் பத்தியும்தான் பேசினாங்கண்ணே, கதையைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாளும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்ததைவிட ஆட்களைப் பார்த்ததுதான் அதிகம். அவர்கள் கதையைப் பற்றித்தான் பேசினார்கள், தம்பி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நாய். உன் கதையில், ஒன்பது வருடத்துக்கு முன்னால் எல்லையில் காணாமல் போன ராணுவ நாயக், பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறான். பின்னால் சஞ்சீவி மலை. தெருவுக்குள் நுழைகிறான். அவன் குட்டியிலிருந்து வளர்த்த வெள்ளை நாய் அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் குரைக்கிறது. வந்திருப்பவன் பழைய ஆள் இல்லை என்று பார்ப்பவருக்கு உறைக்கட்டும் என்று அப்படி வைத்தாய். அந்த இடத்தில்தான் ராஜபாளையத்து அரங்கு கொதித்தது. "வயசான நாய்க்குக் கண்ணு போகும், காது போகும், மூக்கு போகாதுய்யா" என்று வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருத்தர் எழுந்தார். அரை மணி நேரம் அதே பேச்சு. ஊர்ப்பெயரையே இனத்தின் பெயராகச் சுமக்கும் நாய் அது. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக, ஒரு கைக்கு மட்டும் பணிந்து மற்றவரை வாசலோடு நிறுத்தும் நாயைப் பார்த்து வளர்ந்தவர்கள் முன்னால் நீ அந்தக் காட்சியைப் போட்டாய்.

கிரேக்கர்களின் ஒடிஸியில் இதே காட்சி இருக்கிறது. போருக்குப் போன ஒடிசியஸ் 20 வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். குப்பைமேட்டில் உண்ணி பிடித்துக் கிடக்கிறது அவன் வளர்த்த ஆர்கோஸ். எழுந்து வரத் தெம்பில்லை. காதைத் தாழ்த்தி வாலை ஆட்டுகிறது, அவ்வளவுதான். வேடம் கலைந்துவிடும் என்பதால் அவன் கிட்டே போகக்கூட முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடக்கிறான். நாய் உயிரை விடுகிறது. இது 17ஆம் பாகத்தில். மனைவி பெனலோப்பி அவனை அவன்தான் என்று ஏற்றுக்கொள்வது 23ஆம் பாகத்தில். இடையில் இருக்கும் ஐந்து பாகமும் என்ன? நாய்க்கு ஒரு நொடியில் தெரிந்தது மனுஷிக்குத் தெரிய ஏன் இவ்வளவு நேரமாகிறது என்பதுதானே.

அதனால் உன் நாயை வாலாட்ட விடு. ஓடிவந்து அவன் மேல் காலைப் போட்டு முகத்தை நக்கட்டும். அப்போது வந்திருப்பவன் யார் என்ற கேள்வி அந்த இடத்திலேயே முடிந்துபோகும். போகட்டும். ஆள்மாறாட்டக் கதை ஆயிரம் பார்த்துவிட்டோம். வந்திருப்பவன் அவனேதான் என்று உறுதியான பிறகும் மனைவிக்கு உள்ளுக்குள் குளிர்கிறது என்றால், அந்தக் குளிர்தான் பார்ப்பவரின் முதுகில் ஏறும். வேட்டியை மடித்துக் கட்டியவர் உனக்கு எழுதித் தந்த காட்சி இது. அவருக்கு அது தெரியாது, பாவம்.

அடுத்தது தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் கூட்டம் அதிகம். நாயை யாரும் கண்டுகொள்ளவில்லை. 40 நிமிடம் ஓடி முடிந்து விளக்கைப் போட்டதும், நடுவரிசையில் இருந்த எழுபது வயது அம்மா ஒருவர் யாரையும் பார்க்காமல், "வந்த பிள்ளைக்கு ஒரு செம்புத் தண்ணி குடுக்க நாதியில்லையா அந்த வீட்டுல?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உன் எபிசோடில் அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், ஆரத்தி எடுக்கிறார்கள், போலீஸ் வருகிறது, உளவுத்துறை அதிகாரி வருகிறார். தண்ணீர் இல்லை. வெயிலில் வந்தவனுக்கு முதலில் தண்ணீர் நீளாத வீடு நம் பக்கத்தில் உண்டா? பார்ப்பவர்கள் அந்த வீட்டை வீடாக நம்பவில்லை. வீட்டை நம்பாதவர்கள் அந்த வீட்டுக்கு வரும் ஆபத்தை எப்படி நம்புவார்கள்? இன்னொன்றையும் யோசித்துப் பார். ஒன்பது வருடம் அடைபட்டுக் கிடந்தவன் செம்பை வாங்கி எப்படிக் குடிப்பான்? அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பானா? பாதியைக் குடித்துவிட்டு, மறுபடி எப்போது கிடைக்குமோ என்று மீதியைப் பத்திரப்படுத்துவானா? அந்தக் கையை மனைவி பார்க்கிறாள். உன் திரில்லர் அங்கே தொடங்குகிறது.

எங்கள் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர். லீவுக்கு வந்தால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து போர்வையை மடித்து வைப்பார். நாலு மூலையும் கத்தி வைத்து வெட்டின மாதிரி இருக்கும். அவர் குளிக்கப் போனதும் ஆச்சி அந்தப் போர்வையை உதறி, நாங்கள் எல்லாரும் மடிப்பதைப் போலச் சாதாரணமாக மடித்து வைப்பாள். லீவு முடிகிற வரைக்கும் தினமும் இது நடக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பிள்ளையைப் பட்டாளத்திடமிருந்து திரும்ப வாங்க அவளுக்குத் தெரிந்த வழி அது. நீ வைத்திருக்கும் வெடிச்சத்தக் காட்சியைவிட, அதாவது பட்டாசு சத்தத்தில் நாயக் துள்ளி எழுந்து கட்டிலுக்கு அடியில் பதுங்குவதைவிட, இந்தப் போர்வை பெரியது என்று நினைக்கிறேன். அந்தப் பதுங்கலை எல்லா ஊர்ப் படத்திலும் பார்த்தாகிவிட்டது. சிவகாசிக்குப் பக்கத்திலேயே இருக்கிற நம் சனத்துக்கு அதில் ஒன்றும் ஆகவில்லை.

ராஜபாளையத்தில் படம் முடிந்ததும் முன்னாள் ராணுவத்தார் ஒருவர் என்னோடு டீக்கடை வரைக்கும் நடந்து வந்தார். உன்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவாய் என்று என்னிடம் சொன்னார். நாயக் என்கிறாய், சட்டைக் கையில் மூன்று பட்டை இருக்கிறது. நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்குத்தான் மூன்று. தொப்பி இல்லாத தலையோடு உன் ஆள் சல்யூட் அடிக்கிறான், இந்திய ராணுவத்தில் அந்த வழக்கமே இல்லை. சுபேதாரை "சார்" என்கிறான். "சாப்" என்றுதான் சொல்வார்கள். கடைசியில் டீயை ஆற்றிக்கொண்டே, "பிடிபட்டுத் திரும்பினவனை நேரா ரயிலேத்தி வீட்டுக்கு விட மாட்டாங்க சார்" என்றார்.

இது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019 மார்ச் 1ஆம் தேதி நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். காலையிலிருந்து எல்லாச் சேனலும் வாகா எல்லைக் கதவைக் காட்டிக்கொண்டிருந்தன. பாகிஸ்தானிடம் பிடிபட்டிருந்த விங் கமாண்டர் அபிநந்தன் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று பகல் போய், இருட்டி, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் நடந்து வந்தார். நான் இருந்த தெருவில் ஒரு வீட்டிலும் டிவி அணையவில்லை. எழுதி வைத்த எந்தத் தொடரும் அந்த நாள் மாதிரி நம்மை உட்கார வைத்ததில்லை. அதோடு முடிந்ததா? மருத்துவப் பரிசோதனை, விசாரணை என்று நாள்கள் ஓடின. மறுபடி மிக்-21 ஓட்ட அவர் ஏறியது பல மாதம் கழித்துத்தான். அவருடைய அப்பா, ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் வர்த்தமான், அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த 'காற்று வெளியிடை' படத்துக்கு ஆலோசனை சொன்னவர். பாகிஸ்தானில் சிறைப்படும் விமானியின் கதை அது. அந்தத் தகப்பன் அன்று எந்தக் கண்ணோடு டிவி பார்த்திருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கையிலிருக்கிற பட்டையை எண்ணிப் பார்க்கிற ஆள் எந்தக் கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். 2015இல் ஹோம்லேண்ட் என்ற அமெரிக்கத் தொடருக்குப் பெர்லினில் சிரிய அகதி முகாம் மாதிரி செட் போட்டார்கள். சுவரில் அரபியில் கிறுக்க ஓவியர்கள் சிலரை அமர்த்தினார்கள். தொடரின் மேல் கோபத்தில் இருந்த அந்த ஓவியர்கள், இந்தத் தொடர் இனவெறி பிடித்தது என்று அரபியிலேயே சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். படப்பிடிப்பில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. அப்படியே ஒளிபரப்பானது. அரபி தெரிந்த வீடுகளில் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார். அவர்களும் பார்வையாளர்கள்தான்.

நீ அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாய் என்பது உன் கடைசிக் காட்சியில் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஹோம்லேண்டுக்கு மூலம் ஓர் இஸ்ரேலியத் தொடர், ஹத்துஃபிம். கிடியோன் ராஃப் எழுதி இயக்கி 2010இல் வந்தது. லெபனானில் பிடிபட்ட மூன்று பேரில் இரண்டு பேர் 17 வருடம் கழித்து உயிரோடு வருகிறார்கள், மூன்றாமவருக்குச் சவப்பெட்டி வருகிறது. ஒருவருடைய மனைவி அத்தனை வருடமும் அவரை மீட்கப் போராடி ஊரறிந்த பெண்ணாகிவிட்டாள். இன்னொருவருக்கு நிச்சயித்த பெண் அவருடைய சகோதரனையே கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். தொடரின் முக்கால்வாசி உயிர் இந்த வீடுகளுக்குள்தான். அது ஒளிபரப்பான நாள்களில் கிலாத் ஷாலித் என்ற நிஜச் சிப்பாய் காஸாவில் பிடிபட்டுக் கிடந்தான். 2006இல் பிடிபட்டவன், 2011 அக்டோபரில்தான் விடுதலையானான். பார்த்தவர்களுக்குக் கதை எங்கே முடிந்து செய்தி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இந்தத் தொடரை நிக்கில் அத்வானி 2016இல் ஸ்டார் பிளஸுக்காக இந்தியில் கார்கில் கதையாக எடுத்தார். அதிலும் 17 வருடம்தான்.

அமெரிக்காவில் எடுத்தபோது கதையின் கனம் வீட்டிலிருந்து சந்தேகத்துக்கு இடம் மாறியது. எட்டு வருடம் அல்-காய்தாவிடம் சிக்கியிருந்த பிரோடி திரும்புகிறான். அவன் வீட்டுக்குள் கேமரா ஒளித்து வைத்துப் பார்க்கிறாள் சிஐஏ அதிகாரி கேரி. இரண்டாவது எபிசோடின் முடிவில் அவன் கார் நிறுத்தும் அறைக்குப் போகிறான். கை கழுவுகிறான், பாயை விரிக்கிறான், தொழுகிறான். பார்ப்பவனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஏன்? அவன் குண்டு வைத்தானா? யாரையாவது காட்டிக்கொடுத்தானா? தொழுதான். அதற்கே ஒரு திடுக். பின்னால் அவன் மனதுக்கு எவ்வளவோ நியாயம் சொன்னார்கள், குழந்தைகள் செத்த ஒரு விமானத் தாக்குதல் அவனை எப்படி உடைத்தது என்று காட்டினார்கள். நல்ல எழுத்துதான், மறுக்கவில்லை. 2012இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியும் வாங்கியது. ஆனால் ஒரு மனிதன் முழங்கால் மடித்து உட்காருவதையே பயப்பட வேண்டிய காட்சியாக அந்த முப்பது விநாடி பழக்கிவிட்டது. பின்னால் வந்த நியாயங்களால் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

நம் மொழியிலும் நடந்ததுதான். 2012 தீபாவளிக்குத் 'துப்பாக்கி' வந்தது. லீவுக்கு வந்த ராணுவ அதிகாரியின் கதை. அவன் மேல் படத்துக்குச் சந்தேகமே இல்லை, சந்தேகம் முழுக்க வெளியே திரும்பியிருந்தது. முஸ்லிம் அமைப்புகள் வருத்தப்பட்டுக் கண்டித்தன. படக்குழு மன்னிப்புக் கேட்டுச் சில காட்சிகளை வெட்டியது. கொண்டாடிய கூட்டத்தில் இருந்தவர்களும் வருத்தப்பட்டவர்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

உன் எபிசோடின் கடைசியில் நாயக் நடுச்சாமத்தில் எழுந்து கை கால் கழுவி மேற்கே பார்த்து மண்டியிடுகிறான். இசை ஏறுகிறது, தொடரும் என்று போடுகிறாய். ராஜபாளையத்தில் மூன்றாவது வரிசையில் உன் வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஆரம்பத்திலிருந்து கேலியும் விசிலுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் படத்தை அன்று அதிகம் ரசித்தவர்கள் அவர்கள்தான். அந்தக் காட்சியில் விசில் நின்றது. ஒருவன் மற்றவனைத் திரும்பிப் பார்த்தான். விளக்கு போட்டதும் நாய்ச் சண்டை தொடங்கிவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். உன் கடிதத்தில் அவர்கள் இல்லை. பேசினவர்களை எல்லாம் எழுதியிருக்கிறாய், பேசாமல் போனவர்களை விட்டுவிட்டாய்.

திரில்லர் எழுதுகிறவன் பார்ப்பவர் மனசில் இருக்கிற சந்தேகத்தைக் கடன் வாங்கித்தான் தொழில் நடத்துகிறான். அதில் தப்பில்லை. ஆனால் டிவியை அணைத்த பிறகு அந்தக் கடனை யார் கட்டுகிறார்கள் என்று பார். உன் கதையில் அந்த இரண்டு பையன்கள் கட்டுகிறார்கள். நாயக்கின் மேல் சந்தேகம் வரட்டும், ஆனால் அவன் செய்த ஒரு காரியத்தின் மேல் வரட்டும். அவன் மறைத்த ஒரு பொருள், சொன்ன ஒரு பொய். ஒரு சாதி சனமே தினமும் ஐந்து வேளை செய்கிற காரியத்தின் மேல் வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்ட இன்னொரு கேள்வி. மில் ஷிப்டு முடிந்து வந்திருந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "ஒம்போது வருசம் அவ எதை வச்சுக் கஞ்சி குடிச்சா?" உனக்குப் பதில் தெரியவில்லை. உன் கதாநாயகி ஒன்பது வருடம் ஜன்னலோரம் நின்றிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் ஜன்னலோரம் நிற்கிறாள்? நூல் மில்லுக்குப் போகிறார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் தறியில் நிற்கிறார்கள். உன்னவளை அங்கே அனுப்பு. காணாமல் போன பட்டாளத்தான் மனைவி, நாள் முழுக்கக் காயத்துக்குக் கட்டும் துணியை மடித்து அடுக்குகிறாள். வசனமே வேண்டாம்.

அவளைப் பற்றி எழுதும்போது மீரட் பக்கத்துக் கிராமத்தில் நடந்ததை மனசில் வை. 1999இல் கல்யாணமான சில நாளில் மாப்பிள்ளை கார்கிலுக்கு அழைக்கப்பட்டார், காணாமல் போனார். ராணுவக் கணக்கில் ஓடிப்போனவர் என்று எழுதப்பட்டார். வருடங்கள் போயின. வீட்டார் அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார்கள். 2004 ஆகஸ்டில் பாகிஸ்தான் சிறையிலிருந்து முதல் கணவர் திரும்பி வந்தபோது அவள் கர்ப்பிணி. யாரோடு வாழ வேண்டும் என்ற பஞ்சாயத்தை ஒரு செய்திச் சேனல் தன் ஸ்டுடியோவுக்குள் கூட்டி நேரலையில் காட்டியது. அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் பேசினார்கள், நாடே பார்த்தது, நாடே தீர்ப்பும் சொன்னது. முதல் கணவரிடம் போனாள். 2006 தொடக்கத்தில் இறந்துபோனாள். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்று வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த சிப்பாயின் கதையை ஒரு திரில்லராக நம் நாட்டுத் தொலைக்காட்சி முதன்முதலில் ஓட்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றும். அதில் நடிகர்கள் இல்லை. உன் நாயகியின் முகத்துக்குக் கேமராவைக் கிட்டே கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்டுடியோவை நினைத்துக்கொள்.

முல்லைப்பாட்டு படித்திருக்கிறாயா? நப்பூதனார் பாடியது, 103 அடிதான், பத்துப்பாட்டில் அதுவே சிறியது. போருக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். மாலையில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு, விரிச்சி கேட்க நிற்கிறார்கள். யாரோ எதற்கோ சொல்லும் சொல் காதில் விழுந்தால் அதை நற்சொல்லாக எடுத்துக்கொள்வது வழக்கம். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் இடைப்பெண், உன் அம்மா இப்போது வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். அவள் பேசியது மாட்டைப் பற்றி. இவர்களுக்கு விழுந்தது தலைவன் வருவான் என்று. இன்னொரு பக்கம் பாசறையில் அவன் தூக்கம் வராமல், காயம்பட்ட யானைகளையும் செத்துப்போன வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உன் அரங்கில் இரண்டு நாளும் விரிச்சிதான் விழுந்தது, தம்பி. நாய் என்றார்கள், தண்ணீர் என்றார்கள், கஞ்சி என்றார்கள். அடுத்த தடவை மைக்கை நீட்டி "எப்படி இருந்தது" என்று கேட்காதே. கேட்டால் எல்லாரும் நன்றாக இருந்தது என்பார்கள். விளக்கு அணைந்ததும் நீயும் ஓரமாக உட்கார். எங்கே இருமுகிறார்கள், எங்கே பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகிறார்கள், எங்கே விசில் நிற்கிறது என்று குறி.

கடைசிக் காட்சியை எடுத்துவிடு. நான் நினைப்பதைச் சொல்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள். நடுச்சாமம். மனைவி விழிக்கிறாள். அவன் கட்டிலில் இல்லை, தரையில் கதவோரம் படுத்திருக்கிறான். போர்வை நாலு மூலை சேர மடித்து ஓரமாக இருக்கிறது. நாய் அவன் காலடியில் தூங்குகிறது. அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள். காலையில் அவள் கொடுத்த செம்பு, பாதித் தண்ணீரோடு. அதன் பின்னால் இன்னொரு செம்பு. அதற்கும் பின்னால் பாட்டில், தம்ளர், பிள்ளையின் பள்ளிக்கூடத் தண்ணீர்க் குப்பி, எல்லாம் வரிசையாக.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறேன். அதற்குள் திருத்தி முடித்தால் அங்கேயே மறுபடி போட்டுப் பார்ப்போம். அந்த எழுபது வயது அம்மாவுக்குச் சொல்லி அனுப்பு. மூன்றாவது வரிசைப் பையன்கள் இரண்டு பேரையும் நீயே நேரில் போய்க் கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்